கொசுவும் கணக்கும்

மலேரியாவை ஒழிக்கக் கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. கொசுக்களின் தொகையை ஓர் எல்லைக்குக் கீழே குறைத்து, அங்கேயே நிறுத்தி வைத்தால் ஜுரம் நாளடைவில் அடங்கிவிடும். 1908-இல் மொரீஷியஸ் தீவைப் பற்றிய அறிக்கையில் ரொனால்டு ராஸ் இதைக் கணித சாஸ்திரத்தால் விளக்கினார். 1897-இல் ஸிகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவரும் அவரே.

நம் அதிகாரிகள் அக்கணக்கில் முற்பாதியை மட்டும் படித்தார்கள் போலும்! 1965-இல் இந்தியாவில் சுமார் 1 லக்ஷமாகக் குறைந்திருந்த நோயாளிகளின் தொகை 1976-இல் 64 லக்ஷமாயிற்று. டி.டி.டி. மருந்துக்குக் கொசுக்கள் பழகிப்போனது மெய்யே. கண்காணிப்புத் தளர்ந்ததை மறைப்பானேன்?

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாகச் சர்க்கார் சங்கற்பம் செய்திருக்கின்றனர். நோய் அருகிவிட்ட ஜில்லாக்களில் ரத்தப் பரிசோதகர்களையும் மருந்து தெளிப்போரையும் சிக்கனத்தின் பேரால் குறைக்கலாகாதென நாம் வற்புறுத்துகிறோம்.