முதலில் கூண்டு, அப்புறம் வாத்து

சந்தையில் நாலு வாத்துக்குஞ்சு வாங்கிவந்து கொல்லையில் விடுவது சுலபமான காரியம். அவை வளர்ந்து முட்டையிடத் தொடங்கும் சமயத்தில், ஒரு நாள் விடிந்து பார்த்தால் இறகு மட்டும் சிதறிக் கிடக்கும். "கீரி கொண்டு போயிடுச்சு" என்பார்கள். பாவம் கீரி! அது பெரும்பாலும் பகலில் திரியும் பிராணி. நடுராத்திரியில் வருபவர்கள் வேறு ஆட்கள்: மரநாய், காட்டுப்பூனை, பகலெல்லாம் வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் தெரு நாய்கள்.

கோழியை வளர்த்துப் பழகியவர்கள்தான் வாத்து விஷயத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். பொழுது சாய்ந்தால் கோழி தானே கூட்டுக்கு வரும், இல்லையென்றால் முருங்கைக் கிளையில் ஏறிக்கொள்ளும். வாத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. விட்டால் ராத்திரி முழுக்கக் குளத்திலேயே கிடக்கும். மணிலா வாத்தைத் தவிர மற்ற வீட்டு வாத்துகள் கிளையில் அடையாது, தரையில்தான் படுக்கும். 1999-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: வரிசையாகத் தூங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பவை வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்து வைத்து, பாதி மூளையை விழிப்பாகவே வைத்திருக்கின்றனவாம். பயந்து பயந்து தூங்கும் ஜென்மம் அது. கண் விழித்திருந்து என்ன பயன், பறந்து தப்பிக்க முடியாதே!

பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் போதும் என்பது பழைய நம்பிக்கை. ஒரு நாய் தலையால் முட்டினால் கல்லும் உருளும், பஞ்சாரமும் உருளும். கடையில் விற்கும் மெல்லிய கோழிவலையும் அப்படித்தான், கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர நாய் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள, வெல்டிங் செய்த கம்பிவலைதான் வேண்டும். பெருச்சாளி தோண்டி நுழையாமலிருக்க அதை மண்ணுக்குள் ஓரடி இறக்க வேண்டும். மரநாய் நன்றாக ஏறும் என்பதால் மேலே கூரையும் அவசியம்.

பாதுகாப்பு என்றதும் சிலர் நாலு பக்கமும் பலகை அடித்துப் பெட்டி போல மூடிவிடுகிறார்கள். இது இன்னொரு தப்பு. வாத்தின் எச்சத்தில் தண்ணீர் அதிகம். அடைத்த இடத்தில் அமோனியா நெடி ஏறி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். மேல்பக்கம் காற்றுப் போக வலை வைத்த திறப்பு இருக்க வேண்டும். கீழே காய்ந்த வைக்கோலோ உமியோ பரப்பி, ஈரமானதும் மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோல் கூடவே கூடாது. தீனித் தட்டையும் ராத்திரி உள்ளே வைக்காதீர்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

இதற்கெல்லாம் செலவாகும்தான். ஆனால் காக்கி கேம்பெல் ரக வாத்து ஒன்று ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேல் இடும். பல வீடுகளில் அந்த முட்டைக்காசு வீட்டுப் பெண்களின் கையிருப்பு, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அதில்தான் வரும். அதைக் காக்க ஒரு சுருள் கம்பிவலை வாங்க யோசிப்பவர்கள், வாத்து போன கோபத்தில் குருணை மருந்தைக் கலந்து வைக்கத் தயங்குவதில்லை. மரநாயும் காட்டுப்பூனையும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றைக் கொல்வது குற்றம். அந்த விஷத்தில் செத்துக் கிடப்பது பெரும்பாலும் காக்கையும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான். கூண்டு மட்டும் அப்படியே ஓட்டையாக இருக்கும்.

சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் ஒரு கை நெல்லை கூண்டுக்குள் தூவிக் கூப்பிட்டால், ஒரு வாரத்தில் வாத்துகள் பழகிவிடும். எல்லாம் ஒன்றாக முண்டியடித்து நுழையும் என்பதால் கதவு அகலமாக இருக்கட்டும். காலையில் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். வாத்து முட்டையிடுவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். எட்டு மணிக்கு மேல் திறந்தால் முட்டை வைக்கோலில் கிடைக்கும். அதற்கு முன்னால் திறந்தால் குளத்துக்குள் போய் விழும்.