நாற்பதாயிரமா, ஒரு லட்சமா? கழுத்தைக் கேளுங்கள்!

மே மாதக் கடைசியில் என் ஆதம்பாக்கம் க்ளினிக்கில் ஒரு வேடிக்கை நடக்கும். மூட்டு வலிக்கு வந்தவர் மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்கிற சமயத்தில் மெல்ல ஆரம்பிப்பார். "டாக்டர், ஒண்ணு கேக்கணும். பொண்ணு ஒன்பதாவது போறா. ஸ்கூல்ல லேப்-டாப் வேணும்னு சொல்லிட்டாங்க. நாப்பதாயிரத்துல ஒண்ணு இருக்கு, ஒரு லட்சத்துல ஒண்ணு இருக்கு. எதை வாங்கலாம்?"

சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்காதீர்கள். என்னைத்தான் கேட்க வேண்டும். வாங்கின ஆறாவது மாதம் "கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்று வரப்போவது என்னிடம்தானே!

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சாதாரண லேப்-டாப் தாராளமாகப் போதும். மிச்சமாகிற பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அதை வைக்க ஒரு மேஜை, உட்கார ஒரு நாற்காலி, தனியாக ஒரு கீ-போர்டு வாங்குங்கள். லட்ச ரூபாய் மெஷினால் செய்ய முடியாததை இந்த மூன்றும் செய்யும்.

பள்ளியில் என்னதான் செய்யப் போகிறார்கள்? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்சில் சி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூவில் பைதான். இரண்டுமே கடையில் இருப்பதிலேயே எளிய மெஷினில் ஓடும். மற்றபடி கட்டுரை, படம் போட்ட ப்ராஜெக்ட், ஆன்-லைன் வகுப்பு. இதற்கு எதற்கு லட்ச ரூபாய்?

நம் கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்-டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ப்ளஸ் டூ மாணவர்களுக்கு அது கிடைத்தது. முதல் தொகுதியில் தந்தவற்றின் ரேம் வெறும் 2 ஜி.பி.! இன்று கடைக்காரர் 8 ஜி.பி. என்று சொன்னாலே நாம் முகத்தைச் சுளிக்கிறோம். க்ளினிக் வாசலில் பூ கட்டும் அம்மாவின் மகள் அப்படி ஒன்றில்தான் படித்தாள். வீட்டில் மேஜை கிடையாது. அம்மாவின் தையல் மெஷின் பலகை மேல் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்வாள். இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அந்தத் தையல் மெஷின் பலகை அவளுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்தது என்று அவளுக்கே தெரியாது.

ஏன் என்று சொல்கிறேன். லேப்-டாப் என்பது மடியில் வைத்துக்கொள்ளத் தோதாக, திரையையும் கீ-போர்டையும் ஒன்றாக ஒட்டிவைத்த சாமான். கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கண்ணுக்குத் திரை தாழ்ந்துபோகும். கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் கையைத் தூக்கிக்கொண்டு தட்ட வேண்டும். இந்தக் கோளாறு நாற்பதாயிரத்திலும் உண்டு, லட்சத்திலும் உண்டு. ஒல்லியாக, அழகாகச் செய்யச் செய்ய அதிகம்தான் ஆகும்.

நம் தலை நேராக இருக்கும்போது சுமார் 5 கிலோ. குனியக் குனியக் கழுத்தெலும்பின் மேல் பாரம் ஏறும். நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 30 டிகிரி குனிந்தால் 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. பெரியவர்களுக்கான கணக்கு இது. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் சகன வாதம் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், தலைச்சுமைக்காரர்கள். இப்போது பதினாலு வயசுப் பிள்ளை வருகிறது. அதற்கு சகன வாதம் என்று பெயர் வைக்க மாட்டேன். தசை இறுகிப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வலி வலிதானே?

சென்ற வருஷம் ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூறாயிரத்துக்கு மாதத் தவணையில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "எங்கே வச்சுப் படிக்கிறேம்மா?" என்றேன். "கட்டில்ல, அங்கிள். குப்புறப் படுத்துக்கிட்டு." வீட்டில் மேஜை இல்லை. ஹாலில் சோபா, டி.வி. ஸ்டாண்ட், ஷோகேஸ் எல்லாம் இருக்கிறது. தைலம் கொடுத்தேன், தொக்கணம் செய்தோம், வலி இறங்கியது. "மறுபடி வருமா டாக்டர்?" என்று அவர் கேட்டார். மேஜை வாங்குகிற வரை வரும் என்றேன். தவணை முடியட்டும் என்றார். இன்னும் பதினோரு மாதம் பாக்கி!

அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மேஜையைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர் முன்னால், சரிவான பலகை வைத்த சின்னப் பெட்டி. நாள் முழுக்கப் பேரேடு எழுதுகிற மனுஷன் குனியக் கூடாது என்று கணக்கேட்டை அவரிடம் உயர்த்திக் கொண்டுவந்தார்கள். அதே யுக்திதான் இப்போதும். லேப்-டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல் விளிம்பு பிள்ளையின் கண் மட்டத்துக்கு வரட்டும், ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். தட்டுவதற்குத் தனிக் கீ-போர்டு, மவுஸ். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

மெத்தை மேல், மடி மேல் வேண்டவே வேண்டாம். காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடு ஏறும். தினமும் பல மணி நேரம் தொடையில் வைத்துக்கொண்டு விளையாடிய ஒரு 12 வயதுப் பையனுக்குத் தோலில் வலைபோலத் திட்டு விழுந்ததை 2010-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். குளிர் தேசத்திலேயே அப்படி. நம்ம ஊர் மே மாதத்துக்குச் சொல்ல வேண்டுமா?

விலை உயர்ந்ததில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. எடை. சாதாரண லேப்-டாப் ஒன்றரை கிலோவுக்கு மேலேயே இருக்கும். உயர்ந்த ரகத்தில் ஒன்றேகால் கிலோவுக்கும் கிடைக்கிறது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மொத்தப் பையே 2 முதல் 3 கிலோ என்கிறது. லேப்-டாப்பே பாதியைத் தின்றுவிட்டால் புத்தகத்தை எங்கே வைப்பது? தினமும் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றால் எடைக்காகக் கொஞ்சம் கூடக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அந்த வயதில் தினமும் எதற்கு என்று பள்ளியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று திரை. இதில் கஞ்சத்தனம் கூடாது. எழுத்து பிசிறடிக்கிற, மங்கலான திரையை வாங்கிக்கொண்டு வந்தால் பிள்ளை முகத்தை அதற்குள் நுழைத்துக்கொள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையதைப் புதுப்பித்து விற்பதை வாங்கினாலும் சரி, பிள்ளையைக் கூட்டிப் போய், கை நீளத்தில் உட்காரவைத்து, சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். முழு எச்.டி. திரை, வெளிச்சம் பட்டால் கண்ணாடி போல் மின்னாத பரப்பு, இது போதும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கண்ணுக்குப் பாதுகாப்பு" என்று போட்டு விற்பதில் மயங்காதீர்கள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் பற்றி 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் காக்ரேன் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரணக் கண்ணாடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. கண் காய்வதற்குக் காரணம், வைத்த கண் வாங்காமல் பார்க்கும்போது இமைக்க மறப்பது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 நொடி பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் எதிர் வீட்டு முருங்கை மரம் அதற்குப் போதும்.

ஏசர், ஆசஸ் என்று லேப்-டாப் செய்து உலகத்துக்கே விற்கிற தைவான், 2010 முதல் தன் பள்ளிப் பிள்ளைகளை தினமும் 120 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் விடச் சொல்லித் திட்டமே போட்டது. கிட்டப்பார்வையைத் தள்ளிவைக்க வெளி வெளிச்சம் உதவுகிறது என்று கண்டுகொண்டார்கள். நம் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ட்யூஷன்!

"பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிட்டா கண்ணாடி கழண்டுடுமா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு: கழலாது. சத்தான கீரை, வாரம் இரண்டு நாள் கொடுங்கள். கண் டாக்டரிடம் வருஷம் ஒருமுறை காட்டுவதை அதற்காக நிறுத்தாதீர்கள்.

"காலேஜுக்கும் உதவுமே" என்று இப்போதே பெரிதாக வாங்குவதும் சரியான கணக்கில்லை. எட்டாவதில் வாங்கினது காலேஜ் போவதற்குள் கிழடு தட்டிவிடும். கட்டடக்கலையோ, அனிமேஷனோ, என்ன படிப்பு என்று தெரிந்த பிறகு அதற்குத் தகுந்ததை வாங்கிக்கொள்ளலாம்.

மேஜை செய்ய ஆசாரியைக் கூப்பிட்டால், உங்கள் உயரத்துக்குச் செய்யச் சொல்லாதீர்கள். பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கை மடங்குகிற உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். கால் தரையில் படவில்லையென்றால் கீழே ஒரு மணைப்பலகை போடுங்கள்.