பிள்ளையை அனுப்புமுன் பெற வேண்டிய உறுதிமொழி



முழுஆண்டுத் தேர்வு முடியும் முன்பே அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஏற்காட்டில் பத்து நாள், ஊட்டியில் பதினைந்து நாள், மலேசியாவில் மூன்று வாரம் என்று ‘சர்வதேச உண்டு உறைவிடக் கோடை முகாம்’களின் வண்ணப் படங்கள் நம் கைப்பேசிகளை நிறைக்கின்றன. சென்ற கோடையில் ஒரு தந்தை அத்தகைய அறிவிப்பொன்றைக் காட்டி, “ஹஜ்ரத், உணவு ஹலால்தான் என்கிறார்கள். மகனை அனுப்பலாமா?” என்று கேட்டார். “இரவில் அவன் உறங்கும் அறைக்குப் பொறுப்பாளர் யார்?” என்று நான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கட்டணம், நீச்சல் குளம், சான்றிதழ் அனைத்தையும் விசாரித்திருந்தவருக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே இருக்கிறோம்.

சூரா யூசுஃபை நினைத்துப் பாருங்கள். சகோதரர்கள் தந்தை யஃகூப் (அலை) அவர்களிடம் வந்து, தம்பியைத் தங்களுடன் அனுப்புமாறும், அவர் உண்டு விளையாடுவார் என்றும், தாங்கள் காத்துக்கொள்வோம் என்றும் கூறினர். இன்றைய விளம்பரத் தாள்கள் தரும் வாக்குறுதிகளும் இவையே. நீங்கள் கவனக்குறைவாக இருக்கும்போது ஓநாய் வந்துவிடுமோ என்று அந்தத் தந்தை அஞ்சினார். பிள்ளை கிணற்றில் விடப்பட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் யூசுஃபின் உடன்பிறந்த தம்பியை அனுப்ப வேண்டிய நிலை வந்தபோது, அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி பெற்ற பின்னரே அவர் அனுப்பினார். நகரின் எந்த வாயில் வழியாக எவ்வாறு நுழைய வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டினார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபிமொழியும் இந்த வரிசையைத்தான் கற்பிக்கிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தாராகிய நமக்குப் பிள்ளையை வெளியே தங்கவைப்பது புதிதன்று. விடுதிப் பள்ளிகளுக்கே பெயர் பெற்ற ஊர் நாமக்கல். அந்தப் பழக்கத்தினாலேயே கேள்வி கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. ஆனால் விடுதி வேறு, முகாம் வேறு. ஆண்டு முழுதும் இயங்கும் விடுதியில் காப்பாளரைப் பற்றி முன்னாள் மாணவர்களிடம் விசாரிக்கலாம். பத்து நாள் முகாமிலோ பயிற்சியாளரும் புதியவர், உடன் தங்கும் பிள்ளைகளும் புதியவர்கள், இடமும் புதிது. உங்கள் பிள்ளை ஒருவரைப் புரிந்துகொள்ளும் முன்பே முகாம் முடிந்துவிடும்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த மண் அது. அங்கே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரால் முகாம் நடந்தது. மாணவியர் இரவில் பள்ளியிலேயே தங்கினர். அவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்த பிறகே, முகாமை நடத்தியவருக்கும் தேசிய மாணவர் படைக்கும் தொடர்பில்லை என்பது வெளிப்பட்டது. விவரம் அறிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதாயினர். ஒரு புகழ்பெற்ற பெயரும் சீருடையும் போதுமானவையாக இருந்துவிட்டன. அந்தப் பெயரின் உண்மையை எவரும் உரிய அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்க்கவில்லை. ‘சர்வதேச’ என்ற சொல்லும் அத்தகைய பெயர்தான். எந்த நாட்டு நிறுவனம், எங்கே பதிவு பெற்றது, எத்தனை நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டால் பல இடங்களில் அச்சொல்லுக்குப் பொருளே இராது.

நல்ல நோக்கமும் நீண்ட வரலாறும் இருந்தாலும் இடத்தைப் பற்றிய கேள்வி தேவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆற்றங்கரையில் அமைந்த கேம்ப் மிஸ்டிக், 1926-இல் தொடங்கப்பட்ட சிறுமியர் முகாம். 2025 ஜூலை 4 அதிகாலை குவாடலூப் ஆற்றில் வந்த திடீர் வெள்ளத்தில் அங்கிருந்த சிறுமியரும் அவர்களைக் கவனித்த இளம்பெண்களுமாக 27 பேர் உயிரிழந்தனர். காவிரிக் கரையிலும் கொல்லிமலை அருவிகளிலும் நீர் விளையாட்டைக் காட்டிப் பிள்ளைகளை அழைப்போரிடம், நீர் உயர்ந்தால் என்ன செய்வீர்கள், உயிர்காப்பாளர் உண்டா, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று கேட்டேயாக வேண்டும்.

இன்னும் சில கேள்விகள் உள்ளன. ஆண், பெண் பிள்ளைகளின் தங்குமிடங்கள் தனித்தனியாக உள்ளனவா? பெண் பிள்ளைகளுக்கு இரவில் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா? நாள்தோறும் பிள்ளையுடன் தனியாகப் பேச முடியுமா? முன்னறிவிப்பின்றி நாம் நேரில் சென்று பார்க்கலாமா? தங்கும் விடுதிக்கு உரிமம் உண்டா? பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. உரிமம் மாவட்ட ஆட்சியர் வழியாகப் பெறப்பட வேண்டும். வெளிநாடு என்றால் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், மருத்துவக் காப்பீடு உண்டா என்பதையும் கேளுங்கள். ஐவேளைத் தொழுகைக்கும் ஜும்ஆவுக்கும் இடமளிக்கிறார்களா என்பது நமக்குக் கூடுதலான கேள்வி; அது ஒன்றே கேள்வியன்று. விடைகளை எழுத்தில் பெறுங்கள்.

இவ்வாறு கேட்பது பிறர்மீது தவறான எண்ணம் கொள்வதாகாதா என்று சிலர் தயங்குகின்றனர். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், சாட்சிகளை வையுங்கள் என்று சூரா பகராவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பணத்துக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமெனில், அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? நேர்மையாளர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். வருந்துபவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

இதை எங்களிடமும் கேளுங்கள். கோடை தீனியாத் வகுப்பாயினும், தங்கிப் பயிலும் மதரஸாவாயினும், நடத்துபவர் ஹஜ்ரத் என்பதற்காக எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். தாடியும் தொப்பியும் பாதுகாப்புச் சான்றுகள் அல்ல. பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடச் சொன்ன மார்க்கத்தை நாங்கள் கற்பிக்கிறோம். அதை எங்கள் இடத்தில் கடைப்பிடிக்கிறோமா என்று சோதிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

புறப்படுமுன் பிள்ளையிடமும் பேசுங்கள். மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என்று சூரா நூர் சிறுவர்களுக்கும் கற்பிக்கிறது. தன் உடல் பிறர் தீண்டக்கூடாதது என்பதையும், “அம்மாவிடம் சொல்லாதே” என்று எவரேனும் கூறினால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். ஏதேனும் நேர்ந்துவிட்டால் மானம் போய்விடும் என்று ஜமாஅத்துக்குள் பேசி முடிக்க முயலாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; மறைப்பது குற்றம்.

முகாம்கள் கூடாதென்று நான் கூறவில்லை. பல ஊர்ப் பிள்ளைகளுடன் பழகுவதும், தன் வேலையைத் தானே செய்யப் பழகுவதும் நன்மையே. அனுப்புங்கள்; ஆனால் யஃகூப் (அலை) அவர்கள் இரண்டாம் முறை அனுப்பியதைப் போல் அனுப்புங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.