நாய்க்கு ஏற்கெனவே நோய் இருந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மைசூருவில் ஐடி வேலை. வீடு எடுத்திருப்பது காவிரி நடுவே இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில். தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து வளர்க்கிறீர்கள். இரண்டு வயதில் அதற்கு உண்ணிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், நான்கு வாரம் மாத்திரை. குணமாகிவிட்டது. பில்லைப் பார்த்த அதிர்ச்சியில் அடுத்த மாதமே பெட் இன்சூரன்ஸ் எடுக்கிறீர்கள்.

ஆறு மாதம் கழித்து ரத்தத் தட்டணுக்கள் மறுபடியும் குறைகின்றன. க்ளைம் போட்டால், ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று நிராகரித்து மெயில் வருகிறது.

பழைய தொற்று திரும்பியதா, புதிதாக ஓர் உண்ணி கடித்ததா? உண்ணிக் காய்ச்சலில் இரண்டுமே நடக்கும். இதை யார் நிரூபிக்க வேண்டும்? மனிதர்களுக்கான ஹெல்த் இன்சூரன்ஸில் இந்த மாதிரி தகராறுகளுக்கு விதிகள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. செல்லப் பிராணிகளுக்கு அப்படி இல்லை. பிரச்னையின் வேர் அங்கேதான்.

மனிதர்களுக்கு என்ன விதி?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த அல்லது சிகிச்சை அளித்த நோய்தான் ‘ஏற்கெனவே இருந்த நோய்’. முன்பு இது 48 மாதங்களாக இருந்தது. அந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதங்கள்தான். தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிவிட்டால், ‘நீங்கள் நோயைச் சொல்லவில்லை’ என்று காரணம் காட்டி க்ளைமை மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே விதிவிலக்கு.

அதாவது, சர்க்கரை நோய் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு கதவு சில வருடங்கள் மூடியிருக்கும், பிறகு திறக்கும். உங்கள் நாய்க்கு? பெரும்பாலான இந்திய பாலிசிகளில் அந்தக் கதவு திறப்பதே இல்லை. காத்திருப்புக் காலம் புதிதாக வரும் நோய்களுக்குத்தான். பழைய நோய்க்கு நிரந்தர விலக்கு.

ஏன் இந்த வித்தியாசம்?

காரணம் எளிமையானது. சட்டத்தின் கண்ணில் உங்கள் நாய் நோயாளி அல்ல, உங்கள் சொத்து. அதனால் பெட் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் பிரிவில் வருவதில்லை. அதன் பூர்வீகம் மாட்டு இன்சூரன்ஸ்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. மைசூர் உடையார்கள் வளர்த்த ‘பென்னே சாவடி’ மாட்டு மந்தைக்கு ‘அம்ருத் மஹால்’ என்று பெயர் மாற்றியவர், இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த திப்பு சுல்தான். பீரங்கி இழுக்கும் மாடு அரசின் சொத்து. கணக்கில் வைக்க வேண்டிய சொத்து.

இன்றைய கால்நடை இன்சூரன்ஸும் அப்படித்தான் பார்க்கிறது. மாட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு, எடுக்கும்போது ஆரோக்கியமாக இருந்ததா, காதில் வில்லை இருக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. முதன்மையான இழப்பீடு மரணத்துக்குத்தான், சிகிச்சைக்கு அல்ல. விவசாயிக்கு மாடு பிழைப்பு என்பதால் அரசும் கைகொடுக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 15% மட்டுமே.

நாய் பாலிசி இதே வார்ப்பில் இருந்து வந்தது. 2020-ல் பஜாஜ் அலையன்ஸ் கொண்டுவந்தது போன்ற புதிய பாலிசிகள் அறுவை சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டன. பார்க்க ஹெல்த் இன்சூரன்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால், அந்த 36 மாத, 60 மாதப் பாதுகாப்பு இதோடு சேர்ந்து வரவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு கிடைத்ததும் தனிநபர்களின் ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்குத்தான்.

பாலிசித் தாளில் எங்கே பார்ப்பது?

முதலில், ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்பதற்கான வரையறை. ‘மருத்துவர் கண்டறிந்த நோய்’ என்று இருக்கிறதா, ‘அறிகுறி தெரிந்த நோய்’ என்று இருக்கிறதா? இரண்டாவது வலை மிகப் பெரியது. குட்டியில் ஒரு நாள் நொண்டியதை வெட் எழுதி வைத்திருந்தால், நாலு வருடம் கழித்து வரும் இடுப்பு மூட்டுப் பிரச்னையை அதோடு முடிச்சுப்போட முடியும்.

இரண்டாவது, புதுப்பித்தல். பாலிசி வருடாந்திர ஒப்பந்தம். இந்த வருடம் வந்த சிறுநீரக நோய், அடுத்த வருட பாலிசியில் ‘ஏற்கெனவே இருந்த நோய்’ ஆகிவிடுமா? நீண்ட கால நோய்களில் பணம் போவதே இரண்டாம் வருடத்தில் இருந்துதான். எனவே இதற்கான பதிலை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, வயது. புதிதாகச் சேர்வதற்கான வாசல் பொதுவாக 7 வயதை ஒட்டி மூடிவிடும். மிகப் பெரிய இன நாய்களுக்கு அதற்கும் முன்பே. நோய்கள் வரிசைகட்டும் வயதும் அதுதான்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்க மாகாணங்களின் காப்பீட்டு ஆணையர்கள் சங்கம் 2022-ல் செல்லப் பிராணி இன்சூரன்ஸுக்கு ஒரு மாதிரிச் சட்டம் இயற்றியது. பழைய நோயை விலக்கலாம் என்றுதான் அதுவும் சொல்கிறது. ஆனால், குறிப்பிட்ட க்ளைம் அந்த விலக்குக்குள் வருகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஒரு பாலிசியில் கவர் ஆன நோயை, புதுப்பிக்கும்போது பழைய நோய் என்று ஒதுக்கவும் கூடாது.

இந்தியாவில் இப்படித் தனி விதி இல்லை. ஆனாலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. விலக்கு விதி பொருந்துகிறது என்று காட்ட வேண்டியது காப்பீட்டு நிறுவனமே என்பதை, நேஷனல் இன்சூரன்ஸ் – இஷார் தாஸ் மதன் லால் வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நாய் வழக்கு அல்ல, ஆனால் வாதம் உங்களுக்கும் உதவும்.

க்ளைம் மறுக்கப்பட்டால்?

மறுப்புக்கான காரணத்தை, பாலிசியின் எந்த விதி என்ற விவரத்தோடு எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கர்நாடகாவுக்கு பெங்களூருவிலும் தமிழ்நாட்டுக்கு சென்னையிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி.

உண்ணிக் காய்ச்சல் உதாரணத்தில், முதல் சிகிச்சை முடிந்ததும் ‘குணமாகிவிட்டது’ என்று தேதியோடு வெட் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டும், தட்டணு எண்ணிக்கை இயல்புக்கு வந்ததைக் காட்டும் ஒரு ரிப்போர்ட்டும் இருந்தால் உங்கள் வாதம் வலுவாகும். அதனால் குணமான பிறகும் ஒரு தடவை போய் டெஸ்ட் எடுப்பது வீண் செலவு அல்ல.

ஒரு எச்சரிக்கை. பழைய நோயை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் சம்பந்தமே இல்லாத விபத்து க்ளைமும் சிக்கலாகலாம். ரெக்கார்டில் ஏறிவிடும் என்று பயந்து வெட்டிடம் போகாமல் இருப்பது அதைவிட மோசம். அதற்கான விலையைக் கொடுப்பது நாய்.

அப்படியானால் நோயுள்ள நாய்க்கு எடுப்பதே வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விலக்கு அந்த ஒரு நோய்க்கு மட்டும்தான் என்றால், தோல் அலர்ஜி இருக்கும் இளம் நாய்க்கும் விபத்து, புதிய நோய் ஆகியவற்றுக்கு பாலிசி பயன்படும். ஆனால், சிறுநீரகமோ இதயமோ பாதித்த ஒன்பது வயது நாய்க்கு பிரீமியம் கட்டுவதைவிட அந்தப் பணத்தைத் தனி சேமிப்பில் போடுவதே மேல். மாதம் 1,000 ரூபாய் என்றால் மூன்று வருடத்தில் 36,000 ரூபாய். இதில் காத்திருப்புக் காலமும் இல்லை, நிராகரிப்பு மெயிலும் இல்லை. பெரிய சிகிச்சை என்றால் பெங்களூரு ஹெப்பாளிலும் சென்னை வேப்பேரியிலும் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளையும் விசாரியுங்கள்.

பக்கத்து வீட்டு மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்கும். அதன் தடுப்பூசியும் சிகிச்சையும் அந்த எண்ணில் பதிவாக வழி இருக்கிறது. உங்கள் நாய்க்கு அப்படி ஒன்று கிடையாது. அதன் வரலாறு முழுக்க உங்கள் அலமாரியில் இருக்கும் ஃபைல்தான். நாளைக்கு க்ளைம் போடும்போது பேசப்போவதும் அதுதான். இன்றைக்கே ஒழுங்காக அடுக்கி வையுங்கள்.