மாடி இறங்க முடியாத முன்னாள் ராணுவத்தார்

கொல்கத்தா போன்ற பெருநகரத்தில் வாழும் முன்னாள் ராணுவத்தாருக்கு மருத்துவர் வீடு தேடி வரவேண்டிய அவசியம் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எல்லையோரக் கிராமத்துக்கு அது தேவைப்படலாம், நகரத்தில் எதற்கு என்கிறார்கள்.

அவர்கள் காட்டும் சான்றுகள் பொய்யல்ல. கொல்கத்தாவின் டாக்குரியா பகுதியையே எடுத்துக்கொள்வோம். பாலத்தின் அருகில் பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. சியால்தா தெற்குப் பாதையில் ரயில் நிலையம் இருக்கிறது. அலிப்பூரில் உள்ள ராணுவத்தின் கமாண்ட் மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரம்தான். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்துக்கு நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் உள்ளன. அங்கே பரிந்துரை வாங்கிக்கொண்டு போனால், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது படிக்கட்டை. டாக்குரியாவிலும் பக்கத்து ஜோத்பூர் பார்க்கிலும் லிஃப்ட் இல்லாத பழைய மாடி வீடுகள் நிறைய. 1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ வந்து மூன்றாம் மாடியில் படுத்திருந்தால், அவரை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கவே இரண்டு பேர் வேண்டும். பிறகு வாடகைக் கார், கரியாஹாட் சாலை நெரிசல், பாலிகிளினிக் வரிசை. சிறப்பு மருத்துவரைப் பார்க்க இன்னொரு நாள், இன்னொரு இறக்கம். வயது முதிர்ந்தவர்கள் பரிந்துரையில்லாமல் நேராகச் சிறப்பு மருத்துவரிடம் போகலாம் என்று திட்டத்தில் தளர்வு கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். அதனால் ஒரு காகிதம் குறைந்தது. படி ஒன்றும் குறையவில்லை.

இந்த நிலையில் குடும்பங்கள் என்ன செய்யும்? நோயாளியை விட்டுவிட்டு யாராவது ஒருவர் போய் மாத்திரையை மட்டும் வாங்கி வருவார்கள். மாதா மாதம் மருந்து வீட்டுக்கு வந்துவிடும், மருத்துவம் வராது. முதுகில் தொடங்கும் படுக்கைப் புண்ணையும், இரவில் வீங்கும் காலையும், இரண்டு மருத்துவர்கள் எழுதியதால் இரட்டிப்பாக விழுங்கப்படும் ஒரே ரத்த அழுத்த மாத்திரையையும் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் ஒருநாள் ஆம்புலன்ஸ் வருகிறது.

செலவு தாங்காது என்பது அடுத்த வாதம். இதில் நீண்ட அனுபவம் உள்ளது அமெரிக்க முன்னாள் படைவீரர் துறைக்கு. 1972இல் ஆறு மருத்துவமனைகளில் தொடங்கியது அவர்களது வீட்டு முதன்மை மருத்துவத் திட்டம். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், இயன்முறை மருத்துவர், உணவியல் வல்லுநர், மருந்தாளுநர் என்று ஒரு குழுவே நோயாளியின் வீட்டுக்குப் பொறுப்பேற்கிறது. 9,425 பேரை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், திட்டத்தில் சேர்ந்தபின் மருத்துவமனைச் சேர்க்கை முன்பைவிட 25.5 சதவீதம் குறைந்திருந்தது. மொத்தச் செலவு கணித்ததைவிட 11.7 சதவீதம் குறைவாக இருந்தது.

எதிர்த்தரப்புக்கும் ஓர் ஆய்வு உண்டு. அதை மறைத்து வாதாடக் கூடாது. 2000இல் வந்த, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அது. ஓராண்டில் வீட்டு மருத்துவத்துக்கு 12 சதவீதம் கூடுதல் செலவானது என்றது. முன்னையும் பின்னையும் ஒப்பிடுவதைவிடக் குலுக்கல் முறை வலுவானது. நோய் முற்றியிருக்கும் நாளில் சேர்க்கப்படும் ஒருவர் எந்தத் திட்டமும் இல்லாமலேகூட ஓரளவு தேறியிருக்கலாம் அல்லவா? ஆகவே பணம் மிச்சமாகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆய்வில்தான், மரணத்தை நெருங்கிய நோயாளிகளின் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததும், பார்த்துக்கொள்பவர்களின் சுமை குறைந்ததும், முதல் ஆறு மாதத்தில் மறுசேர்க்கை குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவுக்கும் விலை பன்னிரண்டு சதவீதம் என்றால், நாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவருக்கு அது கொடுக்கத் தகுந்த விலை என்பது என் துணிபு.

வீடியோவில் மருத்துவரைப் பார்க்கலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. பாதுகாப்புத் துறையின் ‘சேஹத்’ இணையவழிப் புறநோயாளிப் பிரிவு 2021 மே 27 அன்று தொடங்கப்பட்டது. சர்க்கரை அளவைச் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள அது உதவும். காது மந்தமான எண்பது வயதுக்காரர் கைப்பேசித் திரையில் தன் புண்ணைத் தானே காட்ட முடியாது. சிறுநீர்க் குழாயைத் திரை வழியே மாற்றவும் முடியாது. வீட்டுக்குப் போன செவிலியரின் கையில் அந்தத் திரை இருக்கட்டும். மருத்துவர் அலிப்பூரில் இருந்தபடியே பார்க்கட்டும். அப்படிச் சேரும்போது இரண்டுமே பலமாகும்.

மருத்துவமனைதான் பாதுகாப்பு என்று உறவினர்கள் நம்புகிறார்கள். மாரடைப்புக்கும் எலும்பு முறிவுக்கும் அது உண்மை. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 35 சதவீதம் பேர், குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களில் நோய்க்கு முன்பிருந்த திறனைவிடக் குறைந்த நிலையில்தான் வீடு திரும்பினார்கள் என்று 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நோய் தீர்ந்தாலும் நடை போய்விடுகிறது. இன்னொன்றையும் டாக்குரியாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 9 அதிகாலை, அங்கிருந்த ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறியதில் தொண்ணூறு பேருக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுந்து ஓட முடியாத நோயாளிகள். மருத்துவமனையே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தடுத்திருக்கக் கூடிய காரணத்துக்காக ஒரு முதியவரை அங்கே கிடத்துவதற்கும் ஓர் ஆபத்து உண்டு என்று சொல்கிறேன்.

பிள்ளைகளோ ஆயாவோ பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சை என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகள் பெங்களூருவில் இருப்பார்கள். மனைவிக்கே எழுபத்தைந்து வயது. கொல்கத்தாவில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஆயா கிடைப்பார், உண்மை. அவர் குளிப்பாட்டுவார், ஊட்டுவார். மூச்சிரைப்பு இதயத்தால் வருகிறதா நெஞ்சுச் சளியால் வருகிறதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவர் தலையில் ஏற்றுவது அநியாயம். பணியால் நூறு சதவீத ஊனம் அடைந்தவர்களுக்கு உதவியாளர் வைத்துக்கொள்ள அரசே தனிப்படி தருகிறது. வீட்டில் பராமரிப்பு நடக்கிறது என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? அந்தப் பராமரிப்போடு மருத்துவத்தையும் சேர்க்கக் கேட்கிறோம்.

அமெரிக்காவில் நடப்பது இங்கே நடக்காது என்பவர்களுக்கு, தமிழ்நாட்டைக் காட்டுவேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் படுத்தவர்களைப் பார்க்க வருகிறார்கள். கேரளத்தில் நோய்த்தணிப்புக்கு 2008இலேயே அரசுக் கொள்கை வந்து, செவிலியர்கள் உள்ளாட்சி வண்டியில் வீடு வீடாகப் போகிறார்கள்.

மருத்துவருக்கே பஞ்சம் என்ற கடைசி வாதத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மாதம் ஒருமுறை செவிலியர் போகலாம். அவர் கூப்பிட்டால் மட்டும் மருத்துவர் போகலாம். யார் வீட்டுக்குப் போவது என்று தேடி அலையவும் வேண்டாம். இ.சி.எச்.எஸ். கார்டு வைத்திருப்பவர்களின் வயதும் முகவரியும் பாலிகிளினிக்கில் இருக்கின்றன. மருந்து மட்டும் போய்க்கொண்டிருக்க, ஆறு மாதமாக நேரில் வராத எழுபத்தைந்து வயதுக்காரர்களின் பெயரை அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்து, இந்த மாதமே தொலைபேசியில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்கலாம்.