அவர்கள் கேட்கவில்லை



இவ்வாரம் நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தை வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். பொருள் வாங்குகிறவன் விற்கிறவனுக்கு முன்பாக அதை இகழ்ந்து தள்ளுகிறான். விலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலோ தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்கிறான். சாலொமோன் இதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. கண்டதைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் அப்படி நிறுத்திக்கொள்ளப் போவதில்லை.

நம் சேகரத்து வாலிபர் ஒருவர் தம்மிடமிருந்த நான்கு தந்தி பேஸ் கிட்டாரைக் கிராமச் சபை ஒன்றுக்கு 14,000 ரூபாய்க்கு விற்றார். அந்தச் சபை சிறியது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்ததில் ஒரு பங்கை ஒதுக்கி, வாலிபர் ஐக்கியத்தின் காணிக்கையையும் சேர்த்து அந்தத் தொகையைத் திரட்டியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து அங்குள்ள உபதேசியார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பிள்ளைகள் தந்தியை அழுத்தினால் விரல் வலிக்கிறது என்கிறார்கள். மேலே போகப் போகச் சுருதியும் சேரவில்லை. எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையோ என்னவோ" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. ஏமாற்றப்பட்டவர்கள் குறையைத் தங்கள் விரல்களில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பேஸ் கிட்டாரின் தந்திகள் தடித்தவை. நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 70, 80 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டாற்போன்ற விசையோடு அதன் கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டேயிருக்கின்றன. மரம் மட்டும் அதைத் தாங்காது. ஆகவே கழுத்தினுள் எஃகுக் கம்பி ஒன்றைப் புதைத்திருப்பார்கள். ட்ரஸ் ராட் என்பார்கள். அதன் முனையிலுள்ள நட்டைத் திருகினால் முன்பக்கம் வளைந்த கழுத்து நிமிரும். நம் பக்கத்துக் கடற்காற்றிலும் கோடையிலும் மரம் அசையும்போதெல்லாம் அதைக் கால் திருப்போ அரைத் திருப்போ திருகிச் சரிசெய்வது வாசிக்கிறவர்களுக்குப் பழக்கமான காரியம். விற்கப்பட்ட கிட்டாரில் அந்த நட்டின் மரை தேய்ந்து வழுக்கிவிட்டது. கழுத்து வளைந்தது வளைந்தபடியே நிற்கிறது. தந்திகள் பலகையை விட்டு எட்டி நிற்கின்றன. செப்பனிடுகிறவர் கேட்ட கூலி 6,000 ரூபாய். அதுவும் நிச்சயமில்லை என்று சொல்லித்தான் கேட்டார்.

வாலிபருக்கு இது தெரியும். புதுத் தந்தி கட்டி, உடம்பைத் துடைத்து மெருகேற்றி, வாங்க வந்தவர்களுக்கு முன்பாக ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் விரலைக் கொண்டுபோகாமல் அழகாக வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் அழைத்துக் கேட்டபோது கலங்காமல் பதில் சொன்னார்: "ஐயா, நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை."

அந்தத் தம்பியோடு மட்டும் முடிகிற காரியமாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். மத்தேயு 18 சொல்லும் ஒழுங்கின்படி தனியே பேசி முடித்திருப்பேன். இப்போதும் அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் கமிட்டியில் இதை நான் சொன்னபோது, பேர்பெற்ற இரு மூப்பர்கள், "வியாபாரம் என்றால் அப்படித்தானே ஐயா, பார்த்து வாங்க வேண்டியது அவர்கள் பொறுப்பு" என்றார்கள். பாட்டுக் குழுவில் தலையாட்டினவர்கள் இன்னும் அதிகம். ஆகவே இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்திற்கு எதிரானது. "அவர்கள் கேட்கவில்லை" என்பது விசுவாசியின் வாயில் வரத்தகாத பேச்சு என்கிறேன்.

முதலில் மூப்பர்களுக்கு ஒரு நியாயம் விட்டுக்கொடுக்கிறேன். தேசத்தின் சட்டம் பெரும்பாலும் அவர்கள் பக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவில் மோசடி இன்னதென்று சொல்லும்போது, வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்கிறது. அதற்கு ஓர் உதாரணமும் தருகிறது: ஒருவன் தன் குதிரைக்கு நோயுண்டு என்று அறிந்தும் ஏலத்தில் வாய் திறவாமல் விற்கிறான், அது மோசடியல்ல. மூப்பர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். ஆனால் அடுத்த உதாரணத்தையும் வாசிக்கட்டும். வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகள், அப்போதுதான் உரிய வயதை எட்டியவள் என்றால், குதிரையின் நோயைச் சொல்வது அவன் கடமையாகிறது. அந்த உறவே அவனைப் பேசக் கட்டாயப்படுத்துகிறது. 1872-இல் ஆங்கிலேயச் சட்ட வல்லுநர் எழுதிவைத்ததுதான் இது. அந்நியனிடம் மௌனமாயிருக்கலாம், மகளிடம் கூடாது. இனி நான் கேட்பது ஒன்றே: அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் நமக்கு யார்? ஞாயிறுதோறும் நின்று ஒரே பிதாவை அறிக்கையிடுகிறோம். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். அது உண்மையானால் நாம் முதல் உதாரணத்தில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறோம். அது பொய்யென்றால் கிட்டாரைப் பற்றிப் பேசி என்ன பயன்? இராப்போஜனப் பந்தியைப் பற்றியல்லவா பேச வேண்டும்!

உபாகமம் 25-இல் கர்த்தர் தம் ஜனத்தின் பையைச் சோதிக்கிறார். பெரிதும் சிறிதுமாக இரண்டு படிக்கற்கள் அதில் இருக்கக்கூடாது என்கிறார். வாங்கும்போது கனத்த கல், விற்கும்போது இலேசான கல். நம் வாலிபரிடம் தராசு இல்லை, கல்லும் இல்லை என்று நினைக்கிறீர்களா? இவர்கள் வாங்கப் போவதை நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். கழுத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முறுக்கு உண்டா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்கள். கைப்பேசி விளக்கை அடித்து ஃப்ரெட்டுகளில் தந்தி அறுத்த பள்ளங்களை எண்ணுகிறார்கள். வால்யூம் குமிழைத் திருப்பி, "கரகரக்கிறது அண்ணா" என்கிறார்கள். பெடல் என்றால் பின்பலகையைக் கழற்றச் சொல்லி, உள்ளே யாராவது ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா என்று ஆராய்கிறார்கள். இத்தனை கூர்மையான கண்கள், விற்கும் நாளில் குருடாகிவிடுகின்றன! வாங்கும்போது ஆயிரம் ரூபாய் குறைக்கக் காரணமான அதே கரகரப்பு, விற்கும்போது சொல்லத் தேவையற்ற சின்ன விஷயமாகிறது. பையில் இரண்டு கற்கள் என்பது இதுவன்றி வேறென்ன?

இன்னும் துணிந்தவர்களும் உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் தம் பேஸ் கிட்டாரை வெளியிட்டபோது, ஃப்ரெட் பதித்த கழுத்தில் சுருதி பிசகாது என்பதால் அதற்குப் பிரிசிஷன், அதாவது துல்லியம், என்று பெயரிட்டார். இன்று மலிவான கிட்டாரின் தலையிலுள்ள பெயரைச் சுரண்டிவிட்டு, அவருடைய பெயரை ஒட்டுக்காகிதத்தில் வாங்கி ஒட்டி விற்கிறார்கள். துல்லியம் என்ற பெயரே பொய்யாக ஒட்டப்படுகிறது. இதைப் பாவமென்று நிரூபிக்க வசனம் தேட வேண்டியதில்லை, கடந்துபோகிறேன்.

நம் சபைக்கு அதைவிட அருகிலுள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். இதில் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

சென்ற வருஷம் நம் பாட்டுக் குழுவினர், இறந்துபோன இசைக்கலைஞர் ஒருவருடைய மனைவியிடமிருந்து பழைய பெடல் ஒன்றை 800 ரூபாய்க்கு வாங்கிவந்தார்கள். பழுப்பு நிறப் பெட்டி. பாஸ் நிறுவனத்தின் ஓசி-2. வாசிக்கும் சுரத்திற்குக் கீழே ஒரு ஸ்தாயியும் இரண்டு ஸ்தாயியும் தாழ்ந்த ஒலியைச் சேர்த்துக் கொடுக்கும். 1982-இல் வந்தது, 2003-இல் அதன் உற்பத்தி நின்றது. ஜப்பானில் செய்யப்பட்ட பழையவற்றைப் பேஸ் வாசிக்கிறவர்கள் தேடி அலைகிறார்கள் என்பதும், கைமாறும் விலை பத்தாயிரத்தைத் தாண்டும் என்பதும் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியாது. "ஏதோ பாட்டரி டப்பா" என்று நினைத்திருந்தார். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் ஒரு தம்பி எழுந்து, பத்தாயிரம் பெறுமான பொருளைக் கர்த்தர் எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். சபை அல்லேலூயா என்றது. நானும் ஆமென் என்றேன்.

நாம் எதற்கு ஆமென் சொன்னோம்? ஒரு விதவையின் அறியாமையிலிருந்து ஒன்பதாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுத்தவர் என்று கர்த்தருடைய பேரைப் போட்டோம். குருடனுக்கு முன்பாகத் தடுக்கல் வைக்காதே என்கிறது லேவியராகமம் 19. பொருளின் விலை தெரியாதவர் அந்தப் பொருளளவில் குருடர். பரிசேயர் விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் செய்தார்கள் என்று ஆண்டவர் கடிந்துகொண்டதை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! என் சபையிலேயே அது சாட்சியாக ஏறியபோது எனக்குக் காது கேட்கவில்லை.

பரிசுத்த அகுஸ்தீன், திரித்துவத்தைப் பற்றிய தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியில், ஒரு நடிகனைக் குறித்துச் சொல்கிறார். எல்லார் மனதிலும் இருப்பதை வெளிப்படுத்துவேன் என்று கூட்டம் கூட்டி, மலிவாய் வாங்கிக் கூடுதலாய் விற்க நீங்கள் எல்லாரும் விரும்புகிறீர்கள் என்றானாம், கூட்டம் கைகொட்டியது. ஆனால் அகுஸ்தீன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாம் அறிந்த ஒரு மனிதர் புத்தகம் ஒன்றை வாங்கச் சென்றதையும், விற்பவன் அதன் மதிப்பறியாமல் சொற்ப விலை கேட்டதையும், இவரோ அவன் எதிர்பாராத நியாயமான விலையைக் கொடுத்துவிட்டு வந்ததையும் எழுதுகிறார். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கையெழுத்துப் புத்தகம் ஒன்றின் பழைய விற்பனை அது. நம் பாட்டுக் குழு அந்த மனிதரின் இடத்தில்தான் நின்றது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். இலாபமே கூடாதா என்கிறீர்கள். கூடும். பழுதான கிட்டாரை வாங்கி, உழைத்துச் செப்பனிட்டு, கூட விலைக்கு விற்கிறவன் தன் கைவேலையின் கூலியைப் பெறுகிறான். கண்ணுக்குத் தெரிகிற கீறலையெல்லாம் வாயால் சொல்ல வேண்டுமா என்றால், அதுவும் தேவையில்லை. தாமஸ் அக்குவினாஸ் கூட, ஒற்றைக் கண் குதிரையின் குறை வெளிப்படையானது, அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், மறைந்திருக்கும் குறையையே வாய்திறந்து சொல்லவேண்டும் என்கிறார். கழுத்தினுள் புதைந்த கம்பியைவிட மறைவான குறை எது? "ஆராதனைக்காகத்தானே வாங்கினோம்" என்பது கடைசி மறுப்பு. அர்வனா களத்தை இலவசமாகவே கொடுக்க முன்வந்தும், தாவீது ஐம்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தான் வாங்கினான். ஆராதனைக்கு என்பது விலையைக் குறைக்கும் காரணமாக அவனுக்குத் தோன்றவில்லை.

பேஸ் கிட்டாரே ஆராதனைக்கு வேண்டாம், அதனால்தான் இத்தனை தொல்லை என்று இதை வாசித்துவிட்டு எனக்கு எழுதப் போகிற பெரியவர்களுக்கு: நீங்கள் நேசிக்கும் பைப் ஆர்கனில் கால்களால் மிதித்து வாசிப்பதும் இதே தாழ்ந்த ஸ்தாயிதான். அந்த வாக்குவாதம் வேறொரு வாரத்திற்கு இருக்கட்டும்.

சென்ற சனிக்கிழமை, பாட்டுக் குழுத் தலைவரும் நானும் அந்த அம்மாளின் வீட்டிற்குப் போனோம். மீதி விலையாக 9,200 ரூபாய் கொண்டுபோனோம். குழுவினர் தங்கள் கையிலிருந்து போட்டது, சபை நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இல்லை. பெடல் வேண்டுமானால் திருப்பித் தருகிறோம் என்றும் சொன்னோம். அவர் பணத்தை எண்ணாமல் வேதப்புத்தகத்தின் கீழே வைத்தார். "அவர் இருந்திருந்தால் விற்றிருக்கவே மாட்டார்" என்றார். சற்று நேரம் கழித்து, "வைத்து வாசியுங்கள்" என்றார். என்னால் பதில் பேச முடியவில்லை. ஜெபித்துவிட்டு வந்தோம்.

கிராமச் சபைக்கு 8,000 ரூபாய் திரும்பிச் சென்றுவிட்டது. மீதி 6,000 ரூபாயைக் கிறிஸ்துமஸுக்குள் கொடுப்பதாக வாலிபர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிட்டார் நம் ஆலய வெஸ்ட்ரியில் இருக்கிறது, மறுபடியும் விற்பனைக்கு. அறிவிப்புப் பலகைக்கு அவரே எழுதிய வாசகம் இது: நான்கு தந்தி பேஸ் கிட்டார். ட்ரஸ் ராட் நட்டு தேய்ந்துவிட்டது, திருக முடியாது. கழுத்து முன்பக்கம் வளைந்துள்ளது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி சேராது. வால்யூம் குமிழ் கரகரக்கும். செப்பனிட 6,000 ரூபாய் ஆகலாம், சரியாகும் என்று உறுதி இல்லை. உடம்பும் பிக்கப்பும் நன்றாக உள்ளன. விலை 4,000 ரூபாய். ஆராதனை முடிந்தபின் வந்து வாசித்துப் பார்க்கலாம்.