நடுவில் நிற்கும் பதிலாள்

ஆபீஸில் தடுத்த தளத்தைத் திறக்க இலவச 'ப்ராக்ஸி சர்வர்' தேடும் பழக்கம் நம்மவரிடமும் உண்டு. அதே வழியில் பாங்கிக் கணக்கையும் திறப்பதுதான் கவலைக்குரியது.

ப்ராக்ஸி என்றால் பதிலாள். ரயில்வே விசாரணைக் கவுண்டருக்குப் பிறருக்காக வண்டி நேரம் கேட்டு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். எங்களுக்கு அவர் முகம்தான் தெரியும். பயணி யாரென்று தெரியாது. அவருக்கோ இரு தரப்பும் தெரியும். அடுத்தவர் அதே வண்டியைக் கேட்டால் கவுண்டருக்கு வராமலே சொல்லிவிடுவார். (அதற்குள் வண்டி தாமதமாகியிருந்தால் பழைய நேரம்தான் கிடைக்கும்!) ப்ராக்ஸியும் இப்படியே தன் முகவரியிலிருந்து கேட்டு வாங்கித் தருகிறது, சேமித்தும் வைக்கிறது. யார், எப்போது, எந்தத் தளம் கேட்டார் என்று பதிவும் எழுதிக்கொள்ளும்.

'எச்.டி.டி.பி.எஸ்.' எனத் தொடங்கும் தளமானால் செய்தி பூட்டிய உறையில் போகும். பதிலாளுக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். ஆனால் அது தரும் 'சான்றிதழை' நம் கைபேசியில் ஏற்றிக்கொண்டால், உறையைப் பிரித்துப் படிக்க அதற்கு வழி கிடைத்துவிடும். ரகசிய எண்ணும் அந்த உறைக்குள்தான் இருக்கிறது.

2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு, ப்ராக்ஸிக்கு உறவான வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க உத்தரவிட்டது. சில வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கிருந்த சர்வர்களையே அகற்றிக்கொண்டன. அவற்றுக்காவது பெயரும் விலாசமும் உண்டு. இலவச ப்ராக்ஸியை நடத்துவது யார் என்றே பெரும்பாலும் தெரிவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் நேரத்திலாவது அதை அணைத்துவிடுங்கள்.